மாமியின் பசளிப் பாத்தியை நான் திருத்திய கதை

நன்றாக இருக்கிற ஒன்றைத் திருத்தப் புறப்பட்டவனை யாராலும் திருத்த முடியாது. இது எந்த அறிஞரும் சொன்ன பொன்மொழி அல்ல. கண்டக்குழியில் என் மனைவி வீட்டுக் கிணற்றடியில், இரண்டு பாய் விரிக்கும் அளவே இருந்த பசளிக் கீரைப் பாத்தியில் நானே கண்டுபிடித்தது. கண்டுபிடிப்பதற்காக அந்தப் பாத்தியைக் கொல்ல வேண்டி வந்தது. (எனக்கு அதில் வருத்தமில்லை என்று நினைக்க வேண்டாம். எட்டு வருடமாக வருந்திக்கொண்டுதான் இருக்கிறேன். நானாக வருந்தாவிட்டால் வருந்த வைக்கிற ஆட்கள் வீட்டில் இருக்கிறார்கள்.)

நான் பாலாவிக்காரன். வாப்பாவுக்கு அங்கே ஒரு சிறிய உப்பளம். ஆனால் என்னை அவர் அதற்குள் கால் வைக்க விட்டதில்லை. "நீங்க படிங்க மகன், இந்த வெயில் என்னோட போகட்டும்" என்பார். நானும் படித்து, கற்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து கடிதம் தட்டச்சு செய்கிற ஆளாக முன்னேறினேன். உப்பு எப்படி விளைகிறது என்று யாராவது கேட்டால் அரை மணித்தியாலம் நிறுத்தாமல் விளக்குவேன். மண்வெட்டி பிடித்த அனுபவம் மட்டும் கிடையாது.

சிபானாவைக் கலியாணம் முடித்ததும் எங்கள் வழக்கப்படி பெட்டி படுக்கையோடு கண்டக்குழிக்கு வந்து சேர்ந்தேன். (எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போய் அழுவதில்லை. மாப்பிள்ளைதான் புகுந்த வீட்டில் நின்று முழிப்பான்.) மாமனார் முன்பே மௌத்தாகிவிட்டார். வீட்டில் சிபானா, அவளுடைய உம்மாவான மாமி, நான், மூன்றே பேர். ஆண்பிள்ளை நான் ஒருவன்தான் என்பதால் எதையாவது சாதிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு நமைச்சல் இருந்துகொண்டே இருந்தது. சாதிப்பதற்கு அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. வேலி கட்டுவதிலிருந்து கிணறு இறைப்பதுவரை மாமியே செய்து முடித்துவிடுவார். என்னைக் கதிரையில் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் தருவார்கள்.

மாமி என்னோடு நேரே கதைப்பதும் இல்லை. கோபம் ஒன்றுமில்லை, மரியாதை. புது மருமகனிடம் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைப்பதை அவர் காலத்துப் பெண்கள் கூச்சமாக நினைத்தார்கள். நான் மூன்றடி தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கதவுத் திரைக்குப் பின்னால் நின்று சொல்வார்:

"சிபானா, மாப்புள்ளைக்கு இன்னங் கொஞ்சம் ஆணம் ஊத்தட்டா எண்டு கேளுங்க."

"சிபானா, போதும் எண்டு மாமிக்கிட்டச் செல்லுங்க" என்பேன் நான். (எங்கள் ஊர் வாயில் 'சொல்', 'செல்' ஆகிவிடும்.)

சிபானா இருவருக்கும் நடுவில் தன் சோற்றைத் தின்றுகொண்டிருப்பாள். நாங்கள் சொன்னது இருவருக்கும் கேட்டுவிட்டது என்பதால் அவள் வாயைத் திறப்பதே இல்லை. ஒரு வருடம் இப்படியே சுமுகமாகப் போனது.

சிபானா பிள்ளை உண்டாகி ஐந்தாம் மாதம் கிளினிக்குக்குப் போனபோது மிட்வைஃப் மிஸ் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனைத் துண்டையும் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். கற்பிட்டிப் பக்கத்து ஆள். அந்த வட்டாரத்துக் குழந்தைகளில் பாதிப் பேரை முதலில் அடித்து அழ வைத்தவர் அவர்தான்.

"தம்பி, இந்தப் பிள்ளைக்கு ரத்தம் காணாது. இரும்புச்சத்துக் குளுசைய ஒழுங்காப் போடோணும். ஒவ்வொரு நாளும் சோத்துக் கோப்பையில ஒரு இலைக்கறி இருக்கோணும். பசளி, கங்குன், முருங்கையிலை, எதெண்டாலும் சரி. அடுத்த முறையும் இப்பிடி எண்டா பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவன். விளங்கிச்சா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிபானா சாதாரணமாகக் கதைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவளுக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் ஒன்றும் ஆகக்கூடாது, அதை நான் பார்த்துக்கொள்ள வேண்டும், நானே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த 'நானே'யில்தான் எல்லாம் கெட்டது.

அன்று பகல் சோற்றுக்கு முன்னால் எழுந்து நின்று அறிவித்தேன். (உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம். எழுந்து நின்றது எனக்கே இப்போது கூசுகிறது.)

"இண்டைலேந்து இந்த வீட்டுக்குள்ள கடைக் கீரை வரப்படாது. எல்லாம் எண்ணெய் அடிச்ச கீரை. சிபானாவுக்குத் தேவையான கீரைய நானே போடப்போறன்."

எண்ணெய் என்று எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வது பூச்சிமருந்தை. அந்தச் சொல்லை நான் பாவித்ததும் எனக்கே நான் ஒரு விவசாயி போலத் தெரிந்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "சிபானா, கிணத்தடியில பசளி நல்லாத்தானே இரிக்கி எண்டு செல்லுங்க."

நன்றாகத்தான் இருந்தது. கொடி தடித்து, இலை உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று. மாமி தண்டை அடியோடு பிடுங்காமல் இரண்டு கணு விட்டு நறுக்குவார். நறுக்கிய இடத்தில் பத்தாம் நாள் புதுக் கொழுந்து நிற்கும். ஆனால் ஒரு பாத்திதான். ஒவ்வொரு நாளும் கறிக்குக் காணாது, போதவே போதாது. விளைச்சலை இரண்டு மடங்காக்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று கணக்குப் போட்டு, பாத்தியை ஆராயப் போனேன்.

ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். மணல் அதைக் குடித்துவிட்டு இன்னும் ஒரு வாளி கேட்டது. குற்றவாளியைப் பிடித்துவிட்டேன். இந்தக் கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது. எங்கள் உப்பளத்தில் விட்ட தண்ணீர் நாள்கணக்காக அசையாமல் நிற்கிறது. ஏன்? அங்கே இருப்பது களிமண். அந்த மண்ணைக் கொண்டுவந்து இங்கே போட்டால்? இவ்வளவு காலமும் கண்டக்குழியில் ஒருவருக்கும் இந்த யோசனை வரவில்லையே என்று எனக்கு அவர்கள்மேல் இரக்கமே வந்தது.

சனிக்கிழமை காலை மண்வெட்டியோடு இறங்கினேன். பசளிக் கொடிகளைக் கிளப்பி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தேன். பிறகு தோண்டினேன். ஒரு முழ ஆழத்தில் மண்வெட்டி 'பொதக்' என்று இறங்கியது. பார்த்தால் தேங்காய்ப் பொச்சுமட்டை! ஒன்றிரண்டல்ல, பாத்தி முழுக்க நெருக்கமாக அடுக்கிக் கிடந்தது. ஊறிக் கறுத்து, பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. குப்பை போட வேறு இடமில்லாமல் யாரோ கீரைக்குக் கீழே புதைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து ஒவ்வொன்றாகத் தோண்டி வேலியோரம் எறிந்தேன்.

குசினியிலிருந்து சிபானா வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உம்மா செல்லுறாங்க..." என்று தொடங்கி, என் வியர்வையையும் என் சந்தோசத்தையும் பார்த்துவிட்டு, "வெயில்ல கன நேரம் நிக்க வாணாமாம்" என்று முடித்தாள்.

மாமி சொல்லி அனுப்பியது அதுவல்ல என்று மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மணலில் ஈரத்தைப் பிடித்து வைப்பதே அந்த மட்டைதான், ஐந்து வருடமாக ஊறிய மட்டை, தயவு செய்து அதைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு மனம் நோகக்கூடாது என்று சிபானா அதை வழியில் மாற்றிவிட்டாள். மாமியின் அக்கறையை நினைத்து நெகிழ்ந்துபோய் நான் இன்னும் வேகமாகத் தோண்டினேன்.

மண் வந்து சேர்ந்த கதை சுருக்கம். வெங்காயம் ஏற்றிப்போன லொறி ஒன்று பாலாவி வழியாக வெறுமையாகத் திரும்புகிறது என்று அறிந்து அதை மறித்தேன். அன்று வாப்பா புத்தளம் போயிருந்தார். உப்பளத்தில் நின்ற இரண்டு வேலையாட்களிடம், வரம்போரம் குவித்திருந்த கறுப்புக் களியைக் காட்டி ஏற்றச் சொன்னேன்.

"என்னத்துக்குத் தம்பி?" என்றார் ஒருவர்.

"கீரை போட."

அவர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் வானத்தைப் பார்த்தார். முதலாளியின் படித்த மகனிடம் என்ன சொல்வது? இருவரும் பேசாமல் ஏற்றினார்கள். இவ்வளவு நல்ல மண்ணைக் கொண்டுபோகிறேனே என்று அவர்களுக்கு வயிற்றெரிச்சல் என்றுதான் அன்று நினைத்தேன்.

களியை மூன்று நாள் மிதித்துச் சமப்படுத்தினேன். தண்ணீர் விட்டால் கண்ணாடி போல நின்றது. பசளித் தண்டுகளை வரிசையாக நட்டேன். மூன்றாம் நாள் தலை குனிந்தன. (வேர் பிடிக்கிற களைப்பு என்றேன்.) ஐந்தாம் நாள் இலையின் ஓரம் கருகியது. (பழைய இலை போய்ப் புது இலை வரப்போகிறது என்றேன்.) ஏழாம் நாள் தண்டு கூழாகிக் கையோடு வந்தது. அதற்கு ஒரு விளக்கம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மத்தியான வெயிலில் மண்ணின் மேலே வெள்ளையாக ஒன்று பூத்தது.

"இது என்ன வெள்ளை?" என்று கேட்டாள் சிபானா.

"மண்ணுல இரிக்கிற சத்து மேல வருது" என்றேன்.

மூன்று தலைமுறையாக உப்பு விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவன், கண் முன்னால் பூத்திருந்த உப்பைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது.

தோற்றுப் போனதாக நான் ஒத்துக்கொள்ளவில்லை. பசளிக்கு இந்தச் சத்தைத் தாங்கச் சக்தியில்லை, வேறு இனம் வேண்டும் என்று புத்தளத்துக் கடையொன்றில் வெளிநாட்டுக் கீரை விதைப் பைக்கற் வாங்கினேன். பைக்கற்றில் அகன்ற இலைகளோடு ஒரு கீரைக் கட்டு படமாக இருந்தது. விதைத்தேன். காலை ஒருமுறை, அலுவலகம் விட்டு வந்து ஒருமுறை தண்ணீர். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் குந்தியிருந்து மண்ணைப் பார்ப்பேன். பக்கத்து வீட்டார் ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்கள். பிறகு மாரி மழை பிடித்தது. பத்து நாள் ஊற்றி வெயில் எறித்த காலையில், பாத்தி நெடுகப் பச்சைப் பச்சையாக முளை!

நான் கத்திய கத்தலில் சிபானா பயந்து ஓடி வந்தாள். நான் அங்கே ஈர மண்ணில் முழங்காலில் நின்றேன். உண்மையைச் சொன்னால் கண் கலங்கியும் இருந்தேன். என் பிள்ளைக்கு என் கையால் விளைந்த கீரை என்ற நினைப்பு அப்படி.

முளை செழித்தது. ஒரே ஒரு சந்தேகம், படத்தில் இருந்த அகன்ற இலை வரவில்லை. விரல் நகத்தை விடச் சிறிய, ஒடுங்கிய, தண்ணீர் நிறைந்த இலை. வெளிநாட்டுப் பயிர், நம் வெயிலுக்குச் சுருங்கிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொழுந்தாகப் பார்த்து முதல் அறுவடை செய்து, ஒரு பேசின் நிறைய மாமியின் குசினிக்குள் அனுப்பினேன். அன்று பகல் என் சோற்றுக் கோப்பையில் தேங்காய்ப்பூப் போட்ட சுண்டலாக வந்தது. உப்புச் சற்றுக் கூடத்தான். மாமிக்குக் கை தவறியிருக்கும் என்று பெருந்தன்மையோடு மன்னித்து முழுவதையும் சாப்பிட்டேன்.

"நீங்க சாப்பிடல்லயா?" என்று சிபானாவைக் கேட்டேன்.

"எனக்கு உம்மா உள்ள எடுத்து வெச்சிரிக்காங்க" என்றாள். அந்த நாட்களில் அவள் மாமியோடு குசினியிலேயே சாப்பிடத் தொடங்கியிருந்தாள். வயிறு பெரிதானதால் குசினிப் பலகையில் உட்காருவது வசதியாக்கும் என்று விட்டுவிட்டேன்.

எட்டாம் மாதம் மறுபடி இரத்தம் பரிசோதித்த கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் துண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"நல்லாக் கூடியிருக்கு பிள்ள! என்ன சாப்பிட்டனீங்க?"

சிபானா வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். என் தோட்டம், என் மண், என் முறை, என் கீரை. கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த தாய்மாரெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப வாற வியாழக்கிழமை நான் உங்கட வீட்ட வாறன் தம்பி. ரத்தம் காணாத தாய்மார் நாலு பேர் இருக்கினம். அவையளையும் கூட்டிக்கொண்டு வாறன். ஆளுக்கு ரெண்டு கன்று குடுங்க."

வீட்டில் இதை அறிவித்தபோது குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு திரை அசைந்தது.

"சிபானா, மிஸ்ஸ இன்னொரு நாளைக்கு வரச் செல்லட்டும் எண்டு செல்லுங்க."

இம்முறை சிபானா ஒரு சொல்லையும் மாற்றாமல், இரண்டு தரம் சொன்னாள். நான் கேட்கவில்லை. பாத்தியைச் சுற்றிக் கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசினேன். 'சிபானா கீரைத் தோட்டம்' என்று பலகை எழுதி நட்டேன். போதாததற்கு வாப்பாவையும் வரச் சொன்னேன். மண்வெட்டி பிடிக்காத மகன் என்ன செய்திருக்கிறான் என்று அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் அல்லவா?

வியாழக்கிழமை பத்து மணிக்கு மிஸ் நான்கு தாய்மாரோடு வந்தார். பிளாஸ்டிக் கதிரைகளைப் பாத்தியோரம் போட்டு உட்கார வைத்தேன். கையில் ஒரு பூவரசங் கம்பு. மணலின் குறைபாடு, களியின் சிறப்பு, தண்ணீர் தேக்கும் நுட்பம் என்று விளக்கத் தொடங்கினேன். தாய்மார் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு பணிவோடு கேட்டார்கள். ஒருவர் பையை விரித்து வைத்து, நான் வெட்டிக் கொடுத்த கொழுந்துகளை வாங்கிப் போட்டுக்கொண்டார். வேலியோரமாக வாப்பா வந்தார். தோளில் ஒரு சிறு மூட்டை, சம்பந்தி வீட்டுக்கு உப்பு. அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் கொண்டுபோவது அதுதான்.

எல்லோருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு மூட்டையை இறக்கினார். பாத்தியைப் பார்த்தார். கிட்டே போனார். குனிந்து ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டார். பிறகு விரலால் மண்ணைத் தொட்டு அதையும் நாக்கில் வைத்தார். நான் கம்பைத் தாழ்த்தாமல் பெருமையோடு நின்றேன்.

"இந்த மண் எங்கேந்து மகன்?"

"நம்மட மண்தான் வாப்பா! வரம்போரம் கெடந்த களி."

"பயிர்?"

"வெளிநாட்டுக் கீரை."

வாப்பா தாய்மாரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். சனத்துக்கு நடுவில் மகனை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று அவர் முயற்சி செய்தது அந்த முகத்தில் தெரிந்தது. முடியவில்லை.

"இது உமரி மகன். நம்மட உப்பள வரம்பு முழுக்க மொளைக்கிற உமரி. விதை மண்ணோட வந்திரிக்கி. மழைக்கு மொளச்சிரிக்கி." பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டார். "உப்புக்காரன்ட மகனாப் பொறந்து, கொண்டுவந்த மண்ணுல ஒரு துளி நாக்குல வெச்சுப் பாக்கல்லயா?"

பை விரித்த தாய் மெதுவாகப் பைக்குள் கையை விட்டு, கொழுந்துகளை எடுத்து, என் காலடியில் வைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிட்வைஃப் மிஸ் எழுந்து நின்றார்.

"தம்பி, இவ்வளவு நாளும் இந்த உப்பையா அந்தப் பிள்ளைக்குக் குடுத்தீங்க? வயித்தில பிள்ளையோட பிரஷர் ஏறினா என்ன நடக்கும் எண்டு தெரியுமா உங்களுக்கு?"

அவமானம் என்பதெல்லாம் அந்த இடத்தில் பறந்துவிட்டது. பயம்தான் வந்தது. கம்பு கையிலிருந்து விழுந்தது. சிபானாவின் கால் வீங்கியிருக்கிறதா, முகம் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேலாக நானே என் கையால், என்று அதற்கு மேல் நினைக்க முடியாமல் நின்றேன். கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. நான்கு தாய்மாருக்கு முன்னால்.

அப்போதுதான் குசினித் திரை 'சர்' என்று விலகியது. மாமி வெளியே வந்தார். நேராக என் முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"மருமகன், பயப்புடாதீங்க. என்ட மகள்ட வாய்க்குள்ள அதுல ஒரு இல போகல்ல."

என்னிடம் அவர் நேரே சொன்ன முதல் வசனம் அதுதான். இன்றுவரை அதை விட இனிமையான ஒரு வசனத்தை நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு வருடமாக அடைத்து வைத்த வாய், ஒரு வசனத்தோடு நிற்குமா?

"அந்த மட்டைய ஏன் தோண்டினீங்க? அஞ்சு வருசம் ஊறின மட்ட! வாணாம் எண்டு செல்லி அனுப்பினேனே! அந்தப் பசளி உங்களுக்கு என்ன பாவம் செஞ்சிச்சி? சட்டி சட்டியா அந்த உமரிய அவிச்சி, தண்ணிய ரெண்டு தரம் வடிச்சி ஊத்தி என்ட கை வெந்து பெய்த்து! அப்பயும் கரிக்கிது! நீங்க நல்லாரிக்கி எண்டு இன்னங் கேக்கிறீங்க!"

மூச்சு வாங்கிக்கொண்டு மிஸ்ஸின் கையைப் பிடித்து, "இங்கால வாங்க மிஸ்" என்று குளியலறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். தாய்மாரும் வாப்பாவும் பின்னால் போனார்கள். போகாவிட்டால் தனியே நிற்க வேண்டும் என்பதால் நானும் போனேன். கிடுகு வேலி மறைவில், நான் ஒருநாளும் எட்டிப் பார்க்காத மூலையில், பசளி! நான் வேலியோரம் எறிந்த மட்டைகளையெல்லாம் நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில் பொறுக்கி, அங்கே புதைத்து, நான் நட்டதுபோக மிஞ்சிய தண்டுகளைக் கொண்டு மாமி புதுப் பாத்தி போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு வரிசை கங்குன். உள்ளங்கை அகல இலை. தாய்மார் நால்வரும் ஒரே நேரத்தில் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். என் பாத்திக்கு அவர்கள் சொல்லாத வார்த்தை அது.

"அப்ப அங்கால இருந்த கீரைய ஆர் சாப்பிட்டது?" என்று மிஸ் கேட்டார்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, இஞ்ச வந்து இருங்க" என்றார் மிஸ். தாய்மாருக்குப் பார்க்கக் கொண்டுவந்த பிரஷர் கருவியை எடுத்து, சுண்ணாம்பு பூசிய கல்லுக்கு அருகே, 'சிபானா கீரைத் தோட்டம்' என்ற பலகைக்குக் கீழே, என் கையில் சுற்றி அமுக்கினார். முடிவைப் பார்த்தார். மறுபடியும் அமுக்கினார்.

"தாய்க்கு நல்லம். பிள்ளைக்கு நல்லம். உங்களுக்குத்தான் கூடியிருக்கு. ரெண்டு கிழமைக்கு உப்புக் குறைச்சுச் சாப்பிட்டிட்டுத் தாய்மார் கிளினிக்குக்கு வாங்க, நான் பாக்கிறன்."

அப்போதுதான் வாப்பா சிரித்தார். அவர் தொடங்கியதும் தாய்மாரால் அடக்க முடியவில்லை. ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சிபானா என் அருகில் வந்து காதுக்குள், "உங்கட மனசு நோகப்படாது எண்டுதான் செல்லல்ல. எத்தன ஆசையாப் போட்டீங்க" என்றாள். அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

கிளினிக்குக்குப் போனேன். ஏழு கர்ப்பிணித் தாய்மாரோடு வாங்கில் வரிசையாக உட்கார்ந்து முறை வந்ததும் கையை நீட்டினேன். குறைந்திருந்தது. மிஸ் பழக்க தோசத்தில் எத்தனையாம் மாதம் என்று கேட்கப் போய் நிறுத்திக்கொண்டார்.

பாத்தியை அப்படியே விட மனம் வரவில்லை. ஒன்பது நாள் அலுவலகம் விட்டு வந்து, அந்தக் களியைக் கூடை கூடையாக நானே அள்ளினேன். மாமி பக்கத்தில் நின்று வேலை வாங்கினார். திரையும் இல்லை, நடுவில் சிபானாவும் இல்லை. "இன்னம் ஆழமா வெட்டுங்க மருமகன்", "மட்டைய மல்லாத்தி அடுக்குங்க மருமகன்", "சாப்பிட்டீங்கதானே, கைய வீசி வேல செய்ங்க மருமகன்." ஒரு வருட மரியாதையை ஒன்பது நாளில் தீர்த்துக்கொண்டார். அந்தப் பாத்தியிலிருந்து மறுபடி முதல் பசளிக் கொழுந்தை வெட்டிய வாரத்தில் மகள் பிறந்தாள். சிபானாவுக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளை மூன்று கிலோவுக்கு மேல்.

இப்போது மகளுக்கு எட்டு வயது. இந்தக் கதையை அவள் மாமியிடமிருந்து கேட்டு மனப்பாடம் செய்துவிட்டாள். (மாமியின் கதையில் தாய்மார் நான்கு பேரல்ல, பன்னிரண்டு பேர். நான் அழுதது மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.) எங்கள் வீட்டில் நான் எதைப் பற்றியாவது உறுதியாகக் கதைத்தால் உடனே ஒரு கேள்வி வரும்: "நாக்குல வெச்சுப் பாத்தீங்களா?" கைத்தொலைபேசி வாங்கினாலும் அதுதான், பழைய மோட்டார் சைக்கிள் பார்க்கப் போனாலும் அதுதான். மைத்துனி மகளுக்கு வந்த மாப்பிள்ளை நல்ல பையன் என்று நான் சொன்னபோது, பேசி முடிக்க வந்த பெரியவர்களுக்கு முன்னாலேயே கேட்டார்கள்.

போன மாதம் பாத்தியைப் பெரிதாக்குவதற்குக் குளத்து மண் ஒரு லொறி வந்து தெருவாசலில் இறங்கியது. நல்ல கறுப்பு மண். லொறி போனதும் இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், ஒருவரும் இல்லை. குனிந்து ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன்.

குசினி யன்னலிலிருந்து மாமி கேட்டார்:

"எப்பிடி மருமகன், உப்புக் காணுமா?"